புது டயரின் மேல் விழுந்த பழி

ஆனி மாதக் கடைசியில் பைக்கின் பின்சக்கரத்துக்குப் புது டியூப்லெஸ் டயர் மாட்டினேன். மூன்றாம் நாள் காலையில் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கியபோது பின்பக்கம் லேசாக அமுங்கியது போலிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் போலத்தான் இருந்தது. கட்டைவிரலை நம்பியதுதான் என் முதல் தவறு. காற்றழுத்தத்தில் 20 பாயிண்டுக்கும் 28 பாயிண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் கட்டைவிரல் இதுவரை யாருக்கும் முளைத்ததில்லை. திங்கள்நகர் தாண்டி ஒரு வளைவில் சாய்ந்தபோது வண்டியின் பின்புறம் எனக்கு முன்னால் ஒரு முடிவெடுத்துவிட்டது போல நெளிந்தது. தக்கலையில் பெட்ரோல் பங்கில் அளந்து பார்த்தால் 21. மாட்டிய அன்று வைத்தது 28.

ஆணி குத்தி நடுவழியில் சப்பென்று இறங்கும் டயரில் ஒரு நேர்மை இருக்கிறது. எரிச்சல் வரும், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிவரும், ஆனால் என்ன நடந்தது என்பதில் சந்தேகம் இருக்காது. இது அப்படியல்ல. காற்று அடித்தால் நிற்கிறது. அன்று முழுவதும் நன்றாக ஓடுகிறது. மறுநாள் பார்த்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. மூன்று நாள் அசந்தால் வண்டி நெளிகிறது. சரியாக ஓடுகிறது என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

நாகர்கோவிலில் டயர் மாட்டிய கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் வால்வு மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தான். குமிழி வரவில்லை. இருந்தாலும் வால்வுக்குள் இருக்கும் பின்னை ஒரு திருகு திருகிவிட்டு, 28 அடித்து, "புது டயர் சார், காற்று போகாது" என்றான். நான்கு நாள் கழித்து மறுபடியும் போனேன். அதே எச்சில், அதே திருகு, அதே வாக்கியம். மூன்றாவது முறை போனபோது நான் குரலை உயர்த்திவிட்டேன். டயரே மட்டமான சரக்கு என்றேன், மாற்றித் தர வேண்டும் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றான். அந்த மௌனத்தையும் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. 'புது டயரில் காற்று போகாது' என்று அவன் சொன்னான். 'இந்தப் புது டயர்தான் கெட்டது' என்று நான் சொன்னேன். எதிரெதிராக நின்று கத்தினாலும் இரண்டு பேரும் டயரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சேதாரமும் திருட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வீடு. குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கடல், பத்து மணிக்கு மலை. இந்த மாவட்டத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் செய்வதுதான். கடையில் என் வேலை பெரும்பாலும் எடையோடு மல்லுக்கட்டுவது. ஈரம் முழுதும் போகாத ரப்பர் ஷீட்டை இன்று எடை போட்டு அடுக்கினால் அடுத்த வாரம் அது குறையும். சிரட்டையிலிருந்தும் மரத்தின் வெட்டுக்காயத்திலிருந்தும் உரித்தெடுத்து வரும் ஒட்டுப்பாலில் தண்ணீர், பட்டைத்தூள், மண் எல்லாம் உண்டு. அது இன்னும் குறையும். இவ்வளவு குறையலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்போம். அதற்குள் இருந்தால் சேதாரம். அதைத் தாண்டினால் யாரோ எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

டயருக்கும் சேதாரம் உண்டு. எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் ரப்பருக்குள் ஊறி வெளியேறிவிடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு. என் டயரோ அதை ஒரே நாளில் இறக்கிக்கொண்டிருந்தது. ஆகவே காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கினேன், பழைய பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. காலையில் 26 காட்டியது மாலையில் 28 காட்டியது. காற்று போவதற்குப் பதிலாக வந்துகொண்டிருக்கிறதா? கடைக்குப் பால் ஷீட் கொண்டுவரும், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வெட்டுக்காரர் ஒருவர் என் பேரேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்போது அளக்கிறாய், மக்களே?" என்று கேட்டார். நேரம் கிடைக்கும்போது என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மரத்தை நேரம் கிடைக்கும்போதா வெட்டுகிறோம்?"

ரப்பர் மரத்தில் பால்குழாய்களுக்குள் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் தளர்ந்து பால் வரத்து குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் வெட்டப் போகிறார்கள். டயரில் நடப்பது இதற்குத் தலைகீழ்: ஓடச் சூடாகும், சூடாக அழுத்தம் ஏறும். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் கூடும். நான் ஒரு நாள் விடியலிலும் மறுநாள் தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் அளந்து, இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் செய்யக்கூடாத காரியம். அன்றிலிருந்து காலை ஆறு மணி, வண்டியைத் தொடுவதற்கு முன், அதே கேஜ். 28, 26½, 24½, 23. இப்போது கோடு நேராக வந்தது.

இந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளைத் தனியாக ஒரு பேரேட்டில் எழுதலாம். வால்வு வழியாக ஒரு திரவத்தை ஊற்றிவிடு, தானாக அடைத்துக்கொள்ளும் என்றார் ஒருவர். பேசாமல் ஒரு டியூபைப் போட்டுவிடு என்றார் இன்னொருவர். திரவம் வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். நிறையப் பேர் ஊற்றி ஓட்டுகிறார்கள். எனக்குப் பிடிக்காதது வேறு. அது உள்ளே போனபின் ஓட்டை எங்கே என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அடுத்த முறை டயரைப் பிரிப்பவர் உள்ளே இருக்கும் கொழகொழப்பைத் துடைத்துக்கொண்டே என்னைச் சபிப்பார். டியூப் விஷயம் இன்னும் மோசம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ரப்பர் ஆணியைக் கவ்விக்கொள்ளும், காற்று மெல்லப் போகும், வீடு வந்து சேரலாம். டியூபைப் போட்டால் அந்த நன்மையும் போய், பழையபடி நடுவழியில் சப்பென்று உட்கார வேண்டியதுதான். சூடும் கூடும். மூன்று ரூபாய் கணக்கு இடிக்கிறது என்பதற்காகப் பையிலிருந்து மூன்று ரூபாயைக் கல்லாவில் போட்டு முடித்துவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். மூன்று ரூபாய் இடிக்கிற இடத்தில் இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கலாம்.

இதற்கிடையே வேறொரு விஷயம் என்னைக் குடைந்தது. சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கும் ஊரில் வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டின் ரப்பரில் மிகப்பெரும் பங்கு இந்தச் சின்ன மாவட்டத்திலிருந்துதான் போகிறது. ஆனால் நம் மரத்துப் பாலுக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் குணம் குறைவு. இழுவைக்கும், உள்ளே சூடு ஏறாமல் இருப்பதற்கும், அடி வாங்குவதற்கும் அதைப்போல வேறொன்றில்லை. லாரி டயருக்கும் விமான டயருக்கும் அதனால்தான் இயற்கை ரப்பர் வேண்டியிருக்கிறது. காற்றை அடைத்து வைப்பதென்றால் மட்டும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர்தான். 1937-இல் அமெரிக்காவில் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர்களான வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் பெட்ரோலிய வாயுவிலிருந்து உருவாக்கியது. டியூப்லெஸ் டயரைப் பிரித்துப் பார்த்தால் உட்புறம் வழவழப்பாக ஒரு படலம் தெரியும். அது அந்த வம்சம். டயருக்குள் டியூப் செய்த வேலையை இப்போது அந்தப் படலம் செய்கிறது. இதை வெட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்முடைய பால் வெளியே நின்று அடி வாங்கும், வேறு ஒருவன் உள்ளே உட்கார்ந்து காற்று வாங்குவான்" என்றார். அவர் எதையும் இப்படித்தான் முடிப்பார்.

தொட்டிக்குள் சக்கரம்

திருவட்டாறு போகும் வழியில் ஒரு பஞ்சர் கடை உண்டு. கடை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். ஓலைக்குப் பதிலாகத் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு, ஒரு கம்ப்ரசர், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். நான் பேரேட்டைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தார். அதுவரை யாரும் அதை வாசித்ததில்லை. "சக்கரத்தைக் கழற்று" என்றார்.

முதலில் டயரின் ஓரத்தைச் சுற்றி ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றி அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரே அளவுதான். டயர் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. பிறகு வால்வை ஒரு பக்கமாக வளைத்து, அதன் அடியில் சோப்புத் தண்ணீரை விட்டார். அடிப்பகுதியில் நுண்ணிய வெடிப்புகள். ஒன்றில் கடுகளவு குமிழி எழுந்து உடைந்தது. நிமிர்த்தி விட்டால் குமிழி இல்லை, வளைத்தால் உண்டு. எச்சில் வைத்துப் பார்த்தது வால்வின் வாயை. அடியை யாரும் பார்க்கவில்லை. டயரை மாற்றும்போது வால்வையும் மாற்றுவதுதான் முறை. பையன் பழையதையே விட்டிருந்தான். நான் வெற்றிக் களிப்போடு எழுந்தேன். "உட்கார்" என்றார் அண்ணாச்சி. "இது நாளுக்கு அரை பாயிண்ட் இறக்கும். உன் புத்தகத்தில் இரண்டு போகிறதே."

சக்கரத்தைத் தொட்டியில் படுக்க வைத்து ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தார். உடனே நாலாபுறமும் குமிழி கிளம்பியது. இதோ, இதோ என்று நான் விரலை நீட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிம்மின் மடிப்புக்குள்ளும் டயரின் பள்ளங்களிலும் சிக்கிக்கொண்ட வெளிக்காற்று அது, சக்கரத்துக்குள் இருந்து வருவதல்ல. கையால் தண்ணீருக்குள் தடவித் தடவி அதை எல்லாம் விரட்டினார். பிறகு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம். ரோட்டில் பஸ் போனது, தண்ணீர் நடுங்கி அடங்கியது. எனக்குக் கால் மரத்தது. தொட்டியின் அடியிலிருந்த பாசி தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்தபோது, டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ கோர்த்திருப்பதைப் பார்த்தேன். ஊசிமுனைக் குமிழிகள். ஒன்று விடுபட்டு மேலே வரும், அந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும்.

"டயர்தான் அண்ணாச்சி. ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. லீவர் போட்டுக் குத்தியிருப்பான்" என்றேன். அப்படியும் நடப்பதுண்டு. அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பேத்தியின் மெழுகு பென்சிலை எடுத்து வந்தார், சிவப்பு. குமிழி வந்த இடத்துக்கு நேராக டயரில் ஒரு கோடு, ரிம்மில் ஒரு கோடு. காற்றை இறக்கி, டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து விடுவித்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பினார். இப்போது இரண்டு கோடுகளும் எதிரெதிர் முனைகளில். மறுபடி காற்று, மறுபடி தொட்டி, மறுபடி அந்தக் கல். "குமிழி டயரின் கோட்டில் வந்தால் டயர் கள்ளன். ரிம்மின் கோட்டில் வந்தால் ரிம் கள்ளன்."

அந்த ஐந்து நிமிடம் நான் மனதுக்குள் கடைக்காரருக்கு எழுதவேண்டிய புகாரின் முதல் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். டயரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. தண்ணீர் தெளிந்து, வெளிக்காற்று எல்லாம் போன பிறகும் வரவில்லை. அண்ணாச்சி என் தோளைத் தட்டி எதிர்முனையைக் காட்டினார். ரிம்மின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அதே ஒரு சாண் வெள்ளை நூல். டயர் இடம் மாறியிருந்தது. குமிழி மாறவில்லை.

ஒன்பது வருடமாக என்னோடு இருக்கும் ரிம். என் வண்டி, என் வீட்டு முற்றம், என் கடற்காற்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன்தான் நான். வீட்டுக்கு நேற்று வந்தது எதுவோ அதன் மேல்தான் கை நீண்டது.

உப்பும் உப்புத்தாளும்

டயரை ஒரு பக்கம் பிரித்ததும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. டயரின் தடித்த விளிம்பு போய் உட்காரும் தடத்தில் ரிம்மின் கறுப்புப் பூச்சு ஒரு சாண் நீளத்துக்கு உரிந்திருந்தது. கீழே சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. அலுமினியத்துக்கு இயல்பாகவே மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. உப்பு அதைப் பொத்தல் போடும். பொத்தலுக்குள் உலோகம் அரித்துப் பொடியாகும். பொடி, தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் மேலே இருக்கும் பூச்சை நெம்பித் தூக்கும். தூக்கிய இடத்தில் இன்னும் உப்புத் தண்ணீர் புகும். ஆடிக்காற்றில் எங்கள் பக்கத்தில் காலையில் கண்ணாடியைத் துடைக்காமல் வண்டி எடுக்க முடியாது. ஜன்னல் கம்பி, கேட்டின் கொண்டி, மிக்ஸியின் திருகாணி வரைக்கும் உப்பு தின்றதைப் பார்த்தவன், சக்கரத்தை மட்டும் அது விட்டுவைக்கும் என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

அப்படியென்றால் பழைய டயரில் ஏன் காற்று போகவில்லை? இதைத்தான் நான் கேட்டேன். அண்ணாச்சி உரிந்த பூச்சின் ஒரு சில்லை எடுத்துக் காட்டினார். பழைய டயர் வருடக்கணக்காக அதே இடத்தில் அழுந்தி, ரிம்மின் மேடு பள்ளத்துக்கெல்லாம் தன்னை வார்த்துக்கொண்டிருந்தது. அரிப்பு வர வர ரப்பரும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. அதைப் பிரித்த அன்று பூச்சும் கூடவே பிய்ந்து வந்துவிட்டது. புது டயரின் விளிம்போ அச்சிலிருந்து வந்தபடி வழவழப்பாக, வட்டமாக, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. ஒரு பிழையும் இல்லாததால்தான் அந்தப் பள்ளங்களுக்குள் அதனால் இறங்க முடியவில்லை.

வேலை பெரிதல்ல. கம்பி பிரஷால் பொடியைச் சுரண்டினார். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வட்டத்தின் போக்கிலேயே தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் ஒவ்வொன்றும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். உப்பு செய்த வேலையை உப்புத்தாள் சரிசெய்கிறது என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு அவர் சிரிக்கவில்லை. விரலில் சொரசொரப்பு தட்டாமல் போனதும் உலர்ந்த துணியால் துடைத்து, டப்பாவில் வரும் கறுப்பு ரப்பர் பசையை ரிம்மின் தடத்தில் மெல்லியதாகத் தடவினார். வழுக்குவதற்கு எஞ்சின் ஆயில் பூசுகிற கடைகள் உண்டு. ஆயில் ரப்பரை ஊதவைக்கும், அந்தப் பக்கமே போகக்கூடாது. வால்வைப் பிடுங்கிப் புதியது போட்டார். டயரின் பக்கவாட்டில் இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்தார். அந்தப் புள்ளி டயரின் எடை குறைந்த பக்கம். வால்வு இருக்கும் இடம் ரிம்மின் கனத்த பக்கம். வால்வுக்குள் பின்னை மாட்டாமலே கம்ப்ரசர் குழாயை வைத்து ஒரே மூச்சில் காற்றை விட்டார். டப் என்று ஒரு பக்கம், சற்றுப் பொறுத்து டப் என்று மறுபக்கம். அதன்பின் பின்னைப் போட்டு 28. மறுபடியும் தொட்டி. கால் மணி நேரம் இருவரும் ஒன்றுமே வராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

300 ரூபாய் கேட்டார். 500 நீட்டினேன். மீதி 200 ரூபாயை எண்ணித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை நாகர்கோவிலில் அந்த டயர் கடைக்குப் போனேன். பையன் என்னைப் பார்த்ததும் முகம் இறுகி எழுந்து நின்றான். டயரில் குறையில்லை, என் ரிம்தான், நான் பேசியது தப்பு என்றேன். ஆனால் வால்வை நீ மாற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. "சரி சார்" என்றான். அவன் முன்னால் ஒரு ஸ்கூட்டரின் சக்கரம் கிடந்தது. குனிந்து வேலையைத் தொடர்ந்தான். மன்னிப்பா, அலட்சியமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பேரேட்டில் இப்போது இப்படி இருக்கிறது: 28, 28, 28, 28, இரண்டு வாரம் கழித்து 27½. அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். முன்சக்கரத்தின் டயரும் தேய்ந்து அடையாளக்கோட்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதில் காற்று இம்மி குறைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது குனிந்து பார்த்தேன். ரிம்மின் ஓரத்தில் கறுப்புப் பூச்சு அங்கங்கே கொப்புளம் போல எழும்பியிருந்தது. நகத்தால் ஒன்றைக் குத்தப் போனவன், கையை எடுத்துக்கொண்டேன்.